எல்லைப் பிரிவினைக் காலத்தில் ஒரு மெட்டும் இரு மொழியும்: ‘மிஸ்ஸம்மா’ – ‘மிஸ்ஸியம்மா’

முன்னுரை

1953 அக்டோபர் 1இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, 1955 ஜனவரியில், சென்னையின் விஜயா நிறுவனம் ஒரே குடும்பக் கதையைத் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ எனவும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ எனவும் வெளியிட்டது. மொழிவழி நிலம் பகுக்கப்பட்ட அக்காலத்தில் திரையிசை இரு மொழிக்கும் பொதுவாக நின்றதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இருமொழி ஆக்கம்

இரு படங்களையும் எல்.வி. பிரசாத் இயக்கினார். ஆசிரியப் பணிக்காகக் கிறித்தவப் பெண்ணொருத்தியும் இந்து இளைஞனொருவனும் கணவன் மனைவியராக நடிப்பதே கதை. சாவித்திரி, ஜமுனா, எஸ்.வி. ரங்காராவ் ஆகியோர் இரண்டிலும் நடித்தனர். நாயகர் மாறினர்: தெலுங்கில் என்.டி. ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன்.

இசையின் பொதுமை

இசையமைப்பாளர் எஸ். ராஜேஸ்வரராவ். பாடல்களைத் தெலுங்கில் பிங்களி நாகேந்திரராவும் தமிழில் தஞ்சை ராமையாதாஸும் எழுதினர். நிலவை விளிக்கும் பாடல் இதற்குத் தக்க சான்று. இரு மொழியிலும் அது ‘வருக’ என்னும் அழைப்புடன் தொடங்குகிறது. தெலுங்கின் ‘ரா’, தமிழின் ‘வா’ ஆகிய இரண்டும் நெடில்களாதலின் மெட்டின் தொடக்கத்தில் இயல்பாகப் பொருந்துகின்றன. திராவிட மொழிகளின் உறவு இங்கே மெட்டுக்குத் துணைநிற்கிறது எனலாம். இரு வடிவங்களையும் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவுமே பாடினர். நாயகர் மாறியபோதும் நாயகனின் குரல் மாறவில்லை. அக்குரலுக்குரிய ராஜா, எல்லைச் சிக்கலின் களமாயிருந்த சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர் என்பது கருதத்தக்கது.

முடிவுரை

திரைப்பட வரலாறு பெரும்பாலும் மொழிவாரியாகவே எழுதப்படுகிறது. அம்முறையில் இவ்விரு படங்களும் வெவ்வேறு வரலாறுகளுக்கு உரியனவாகின்றன. தமிழும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்கும் கும்மிடிப்பூண்டி, திருத்தணி போன்ற பகுதிகளின் கேட்பு அனுபவத்தை அவற்றுள் ஒன்று மட்டும் விளக்கிவிடாது. தொழிற்பேட்டையின் வருகைக்கு முற்பட்ட கும்மிடிப்பூண்டியை அறிந்த, 1955இல் இளையோராயிருந்த தலைமுறையினர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் எம்மொழியில் பாடலைக் கேட்டனர், எம்மொழியில் முணுமுணுத்தனர் என்பதை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்வது காலம் தாழ்த்தலாகாத பணியாகும்.