முச்சுழியும் மூலை எழுத்தும்: தமிழ்த் தடித்த தலைப்பெழுத்து குறித்த ஒரு வரலாற்று நோக்கு

விழுப்புரம் – புதுச்சேரி வழித்தடத்தில் வளவனூர்க் கடைவீதியைக் கடப்போர், வட்டங்களை ஒடித்துச் சதுரமாக்கிய தடித்த எழுத்துகளைப் பெயர்ப்பலகைகளில் காணலாம். தமிழ் எழுத்தின் இயல்பு வட்டமே, கோணவடிவம் ஆங்கில விளம்பர எழுத்தின் போலி என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. இக்கருத்து பாதியளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திருக்கோவிலூருக்கு அருகே 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் நேர்கோடுகளே மிகுதி. அதே வட்டாரத்தில், செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் நிசீதிகைக் கல்வெட்டில் எழுத்துகள் வட்டெழுத்தை நோக்கி வளைகின்றன. இரண்டும் கல்லிலேயே வெட்டப்பட்டவை. நேர்கோடு ஓலையைக் கிழிக்கும், ஆதலால் எழுத்து வளைந்தது என்ற பழகிப்போன விளக்கம் மட்டும் இம்மாற்றத்திற்குப் போதாது.

ஆயினும், தடிமன் என்னும் கூறு வெளியிலிருந்து வந்ததே. தரங்கம்பாடிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவையாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தது. அன்றைய அச்சகத்தின் கவலை நூற்பக்கம் பற்றியது, சுவரொட்டி பற்றியதன்று. இங்கிலாந்தில் விளம்பரத்திற்கென்றே தடித்த எழுத்துகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெருகின. பெரிய ஈய எழுத்துகள் கனத்தவை. ஆகவே நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் செதுக்கத் தொடங்கினார்.

ஆங்கிலப் பேரெழுத்து இத்தடிமனை எளிதில் தாங்கும். தமிழில் நிலை வேறு. ணகரத்திற்கும் னகரத்திற்கும் இடையே உள்ளது ஒரு சுழி மட்டுமே. கோட்டைத் தடிக்கச் செய்தால் சுழியின் உள்வெளி சுருங்கும். மை பரவினால் அடைபட்டே போகும். அப்போது ‘பணி’ ‘பனி’யாகிவிடும், ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். இது அழகியல் குறை மட்டுமன்று, பொருட்பிழை. ட, ப போன்ற எழுத்துகள் கோணத்திற்கெனவே பிறந்தவை போல நிற்க, இடர் முழுதும் சுழியெழுத்துகளின் தலையில் விழுகிறது.

பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. அதனால் ணா, றா, னா முதலாக 13 எழுத்துகள் தனி வடிவம் இழந்தன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவைச் சதுரக் கட்டத்திற்குள் மடக்கும் இடர் இதனால் நீங்கியது. (இச்சீர்திருத்தத்தை அரசியலாக மட்டுமே பேசுவோர், அச்சுக்கோப்பவரின் உழைப்பையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) உகர, ஊகார உயிர்மெய்களை அவ்வாணை தொடவில்லை. 18 மெய்களுக்கும் சேர்த்து 36 வடிவங்களைத் தலைப்பெழுத்து வரைவோர் இன்றும் தனித்தனியே வரைந்தாக வேண்டும்.

‘வளவனூர்’ என்னும் ஒரு சொல்லிலேயே இவ்விடரைக் காணலாம். முதல் மூன்று எழுத்துகள் கட்டத்திற்குள் ஓரளவு அடங்குகின்றன. ‘னூ’ மட்டும் இரு சுழிகளோடு கீழேயும் இடம் கேட்கிறது. தேர்ந்த ஓவியர் சுழிக்குள் மட்டும் கோட்டை மெலிதாக்கி, வெளிவிளிம்பின் தடிமனைக் குறைக்காமல் விடுகிறார். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக அமைய வேண்டும் என்ற ஆங்கில வழக்கம் அங்கே கைவிடப்படுகிறது.