முதுகுக்குக் கரண்ட் வைத்த கதை

மின்சாரம் பட்டால் தசை துள்ளும் என்பதை மருத்துவம் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பார்த்துவிட்டது. துள்ளிய தசை அதனால் வலுப்பெறுகிறதா என்பது வேறு கேள்வி. மின்சாரத்தால் தசையைத் தூண்டும் சிகிச்சையின் வரலாறு நெடுக, முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஜெனீவாவில் ழான் ஜலபேர், பூட்டு செய்யும் கொல்லர் ஒருவரின் விளங்காத கையில் மின்பொறிகளைப் பாய்ச்சி, கை தேறியதாக 1748இல் நூல் எழுதினார். பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமும் பக்கவாத நோயாளிகள் வந்தார்கள். 1757இல் அவர் மருத்துவர் ஜான் பிரிங்கிளுக்கு எழுதிய கடிதம் உற்சாகத்தைக் குறைக்கும் ரகம். முதல் சில நாள் தெம்பு தெரிந்தது, ஐந்தாம் நாளுக்குப் பின் முன்னேற்றமில்லை, நிலைத்த பலன் எதையும் காணவில்லை என்றார். அந்தத் தற்காலிகத் தெம்புகூடத் தினமும் தம் வீடுவரை வந்துபோன பயிற்சியாலா, குணமாகும் என்ற நம்பிக்கையாலா என்றும் ஐயப்பட்டார்.

அந்த ஐயத்தைப் பின்னால் வந்த பலர் பொருட்படுத்தவில்லை. பாரிஸில் மருத்துவர் துஷேன் ஈரமான மின்முனைகளைத் தோலில் வைத்துத் தனித்தனித் தசைகளை இயக்கிக் காட்டி, 1855இல் அதை முறைப்படுத்தினார். நோயைக் கண்டறிய அது பெரிய உதவி. சந்தையோ அதை இடுப்பில் கட்டிவிட்டது: புல்வெர்மாக்கரின் மின்சங்கிலியும் அதன் வழிவந்த பெல்ட்டுகளும் முதுகு வலி, வாதம், ஆண்மைக் குறைவு அனைத்துக்கும் விற்கப்பட்டன. ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யில் மருந்துக்கடைக்காரர் ஓமேகூட அந்தச் சங்கிலியை அணிகிறார், நையாண்டி செய்யும் அளவுக்கு அது பரவியிருந்தது.

பெல்ட் வியாபாரிகளை வைத்து முழுச் சிகிச்சையையும் எடைபோடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சோவியத் ஆய்வாளர் யாகோவ் கோட்ஸ் வியாபாரி அல்லர். 2,500 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை 10 விநாடி கொடுத்து 50 விநாடி ஓய்வு விடும் தம் முறையால் விளையாட்டு வீரர்களின் தசை பலம் 40 சதவீதம்வரை கூடியதாக அவர் 1977இல் மான்ட்ரியலில் சொன்னார். மேற்கத்திய ஆய்வகங்களில் அந்த அளவு பலன் பொதுவாகக் கிட்டவில்லை. முழங்கால் அறுவைக்குப் பின் தொடைத் தசையை நோயாளியால் முழுதாக இறுக்க முடியாதபோது, மின்தூண்டல் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அந்தத் தசை தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் என்ற தசையின் உள்ளடுக்குகளைத் தோலில் ஒட்டும் பட்டையால் எட்டுவது கடினம். முதுகு வளைந்த சிறுமிகளுக்கு இரவில் தோல்வழியே தசைகளைத் தூண்டிய முறையும் எடுபடவில்லை. 1995இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் அதன் பலன் சும்மா கண்காணித்ததற்கு மேல் இல்லை, முதுகுத் தாங்கி (பிரேஸ்) அணிந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது.

ஆழத்தில் இருந்தால் உள்ளேயே போகலாமே என்பது அடுத்த வாதம். 1996இல் ஜூலி ஹைட்ஸும் சகாக்களும், வலி தீர்ந்த பிறகும் மல்டிஃபிடஸ் தானாகப் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை என்று காட்டியது இதற்கு அடிப்படை. ரீஆக்டிவ்8 என்ற கருவியை உடலுக்குள் பொருத்தி, அந்தத் தசையின் நரம்பை நாளுக்கு இருமுறை, அரைமணி நேரம் தூண்டுகிறார்கள். 2020இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஆனால் 204 பேரிடம் நடந்த சோதனையில், 120ஆம் நாளில் வலி கணிசமாகக் குறைந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் 57 சதவீதம். பேருக்கு லேசான கரண்ட் பெற்றவர்களில் 47 சதவீதம். புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் அல்ல. தசை தேற நான்கு மாதம் போதாது என்கிறார்கள் ஆதரவாளர்கள். பின்னர் முன்னேற்றம் தொடர்ந்ததும் உண்மை. அதற்குள் இரு குழுவுக்கும் அசல் கரண்டையே கொடுத்துவிட்டதால், அந்த முன்னேற்றத்தில் கருவியின் பங்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. நம்பிக்கையின் பங்கையும்தான்.