இசைத்தட்டு உறையில் அச்சான பெயர்கள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்போருக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டைச் சுழலவிடுமுன் உறையின் பின்புறத்தைப் படிப்பார்கள். எந்தக் கருவியை யார் வாசித்தார், எந்த நாளில் பதிவானது என்னும் விவரங்கள் அங்கேதான் இருக்கும். அவற்றைக் குறித்துவைத்து, தம்மைப் போன்ற பிற ரசிகர்களிடம் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பது, இசையைக் கேட்பதற்கு நிகரான மகிழ்ச்சி அவர்களுக்கு.

அந்தப் பட்டியல்களை ஒரு முஸ்லிம் படித்தால் கண் ஓரிடத்தில் நின்றுவிடும். 1947 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், ப்ளூ நோட் நிறுவனத்திற்காகச் சில பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ட்ரம்பெட் வாசித்தவர்களுள் ஒருவர் இத்ரீஸ் சுலைமான். சாக்ஸபோன் வாசித்தவர்களுள் ஒருவர் ஸாஹிப் ஷிஹாப். டிரம்ஸ் வாசித்த ஆர்ட் பிளேக்கியும் அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்னும் பெயரை ஏற்றவர். இவர்கள் அரபு நாட்டவர் அல்லர். அமெரிக்க மண்ணில் பிறந்த கறுப்பினத்தவர். இத்ரீஸின் முதற்பெயர் லியோனார்ட் கிரஹாம். ஷிஹாபின் முதற்பெயர் எட்மண்ட் கிரெகரி.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? 1920இல் முஃப்தி முஹம்மது ஸாதிக் என்பவர் பஞ்சாபின் அஹ்மதிய்யா இயக்கத்தின் பிரச்சாரகராக அமெரிக்காவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே ‘மொஸ்லெம் சன்ரைஸ்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். நபித்துவத்தின் இறுதித்தன்மை குறித்து அவ்வியக்கம் கொண்டுள்ள கொள்கையை முஸ்லிம் உலகின் பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்பதில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆயினும் வரலாற்றை நடந்தபடி சொல்வதே நேர்மை. அக்காலத்தில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளைத் தேடிச்சென்று, திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மார்க்க நூல்களையும் அவர்கள் கையில் கொடுத்தவர்களுள் அவ்வியக்கத்தினர் முன்னணியில் இருந்தனர். ஊர் ஊராகப் பயணம் செய்த இசைஞர்களிடையே நூல்கள் கைமாறின. அவற்றோடு கேள்விகளும் கைமாறின.

எல்லோரும் ஈமானுக்காகவே பெயர் மாற்றினார்களா என்னும் ஐயம் அன்றே எழுந்தது. ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லஸ்பி தம் சுயசரிதையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் இரவு விடுதிகளில் வாசிப்போர் அன்று காவல்துறை அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது. அதில் இனமும் குறிக்கப்பட்டிருந்தது. முஸ்லிம் பெயரை ஏற்ற சிலருக்கு அவ்வட்டையில் ‘வெள்ளையர்’ என்று எழுதப்பட்டது. லியாகத் அலீ ஸலாம் என்னும் பெயரை ஏற்ற டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க் அப்படியோர் அட்டையைத் தம்மிடம் காட்டியதாக அவர் கூறுகிறார். கறுப்பர்களுக்குக் கதவடைத்த உணவகம், அரபுப் பெயருடைய ‘வெளிநாட்டவரு’க்குக் கதவைத் திறந்த காலம் அது.

அந்தக் கதவு திறக்கட்டும் என்று பெயர் மாற்றியவர்களை நாம் எளிதில் பழிக்கலாகாது. அவமானத்தின் கனத்தைச் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் பெயர் எதையும் பெற்றுத்தராத இடத்தில், ஏன், இழப்பையே தந்த இடத்தில், அதற்கேற்ப வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுள் இருவரை மட்டும் இங்கே நினைவுகூர்வோம்.

முதலாமவர் அஹ்மது ஜமால். 1930இல் பிட்ஸ்பர்க் நகரில் பிரெடரிக் ரஸ்ஸல் ஜோன்ஸ் என்னும் பெயருடன் பிறந்தவர். இருபது வயதையொட்டி இஸ்லாத்தைத் தழுவினார். பெயரை மாற்றிக்கொண்டதாகச் சொல்வதை அவர் ஏற்கவில்லை; தம் மூதாதையரின் மரபை மீட்டதாகவே கருதினார். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் விடுதியில் அவர் வாசித்தது இசைத்தட்டாக வெளிவந்து, நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நிலைத்தது. அச்செல்வத்தைக் கொண்டு அவர் சிகாகோவில் ‘அல்ஹம்ரா’ என்னும் இசை உணவகத்தைத் திறந்தார். அங்கே மது கிடையாது. மது விற்பனையே இரவு விடுதிகளின் முதுகெலும்பாக இருந்த தொழிலில் அது துணிவான முயற்சி. சில ஆண்டுகளிலேயே அல்ஹம்ரா மூடப்பட்டது. ஜமால் பெயரையும் மார்க்கத்தையும் விடவில்லை. 2023 ஏப்ரலில், தொண்ணூற்றிரண்டாம் வயதில், அதே பெயருடன் மறைந்தார்.

இரண்டாமவர் யூசுஃப் லத்தீஃப். 1920இல் பிறந்த இவர் ‘பில் எவன்ஸ்’ என்னும் பெயரில் இசையுலகில் நுழைந்தார். (அதே பெயரில் பின்னாளில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் வேறொருவர், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் இங்கே தடுமாறுவதுண்டு.) 1948இல் இஸ்லாத்தை ஏற்றார். சாக்ஸபோனோடு நில்லாமல் அர்கூல் என்னும் அரபுக் குழலையும் சீனத்து மண்குழலையும் தம் இசைத்தட்டுகளில் ஒலிக்கச் செய்தார். ‘ஜாஸ்’ என்னும் சொல்லே இழிபொருள் கொண்டது என்று அதைத் தம் இசைக்குச் சூட்ட மறுத்தார். அவருடைய தேடல் இசையோடு முடியவில்லை. நடுவயதைக் கடந்தபின், 1975இல், மேற்கத்தியக் கல்வியையும் இஸ்லாமியக் கல்வியையும் ஆராய்ந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1980களில் நைஜீரியாவின் ஸாரியா நகரிலுள்ள அஹ்மது பெல்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். மது விற்கும் விடுதிகளில் இனி வாசிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். விடுதிகளை நம்பியே பிழைக்கும் ஓர் இசைஞருக்கு அந்த முடிவின் விலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹஜ் கடமையை நிறைவேற்றிய அப்பெரியவர் 2013 டிசம்பரில் மறைந்தார்.

இசை குறித்து நம் அறிஞர்களிடையே நீண்டகாலக் கருத்துவேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவர்களது வரலாற்றைத் தேடுவோருக்கு இன்றும் முதற்சான்றாக நிற்பவை அந்த இசைத்தட்டு உறைகளே. இசையின் மீதுள்ள விருப்பத்தால் அவற்றைப் பாதுகாத்த ரசிகர்கள், தாம் அறியாமலே ஒரு சமூகத்தின் ஆவணக் காப்பாளர்களாகவும் ஆனார்கள். ஆனால் உறை சொல்வது பெயரை மட்டுமே. அப்பெயருக்காக ஒருவர் எதை இழந்தார் என்பதை அறிய அவருடைய வாழ்வைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கோ பெயர், பிறந்த சில நாட்களில் பெற்றோரால் சூட்டப்பட்டுவிடுகிறது. அஹ்மது என்றும் யூசுஃப் என்றும் அழைக்கப்பட நாம் எதையும் கொடுத்ததில்லை. வருமானம் ஒருபுறமும் மார்க்கத்தின் வரம்பு மறுபுறமும் நிற்கும் நாள் நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் வரத்தான் செய்கிறது. அந்நாளில் நம் பெயருக்கு நாம் தரும் விலை என்ன என்று எண்ணிப் பார்ப்போம். பெயருக்கேற்ற வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.