மிதந்த உருண்டைகள்

வளர்ந்த மூளையில் புது நியூரான் பிறக்காது என்பதுதான் நெடுநாள் பாடம். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் அது பிறப்பதைக் காட்டியபோதும் பலர் கண்டுகொள்ளவில்லை.

1992-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளைச் செல்களை, சீரம் இல்லாத ஊடகத்தில் இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியோடு விட்டார்கள். பெரும்பாலானவை செத்துப்போயின. மிஞ்சிய சில பெருகி, தட்டைவிட்டு விலகி உருண்டையாக மிதந்தன. ஒட்டாம மிதக்குதா, செத்தது, ஊத்திடு: நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். அவர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். நியூரானும் ஆஸ்ட்ரோசைட்டும் வந்தன.

அதைவிட எனக்குப் பிடித்தது 2005. உருண்டைகளை எண்ணுவது ஸ்டெம் செல்களை எண்ணுவதாகாது என்று ரெனால்ட்ஸே ஒரு சகாவுடன் எழுதினார். ஆயுள் குறைந்த முன்னோடிச் செல்களும் உருண்டை கட்டும். திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.