மியூனிக்கில் பிறந்த சிம் கார்டு



மகளைப் பார்க்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனோம். இறங்கியதும் மகளைக் காணோம். நான் ரோமிங் போட்டுக்கொள்ளவில்லை. வைஃபையில் நுழையவும் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் உங்கள் அம்மா அழுதேவிட்டார். மகள் வேறு வாசலில் நின்றிருக்கிறாள்.

மறுநாள் ப்ரீபெய்ட் சிம் வாங்கினோம். பாஸ்போர்ட்டைச் சரிபார்த்த பிறகுதான் அது வேலை செய்தது. 2017 ஜூலை முதல் அங்கே அதுதான் சட்டம்.

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன். 1991-இல் உலகின் முதல் சிம் கார்டைச் செய்ததே இந்த ஊர்க்காரர்கள்தான்! கரன்சி நோட்டு அச்சிடும் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம். முதல் 300 கார்டுகளை வாங்கியது பின்லாந்தின் ரேடியோலின்ஜா. அன்றைய சிம், ஏடிஎம் கார்டு அளவு இருந்தது.

ஆனால் சிம் மட்டும் போதுமா? 1987-இல் கோபன்ஹேகனில் 13 ஐரோப்பிய நாடுகள் ஒரே தொழில்நுட்பத்துக்கு ஒப்புக்கொண்டன. அதனால்தான் ஒரு நாட்டுப் போன் இன்னொரு நாட்டிலும் பேசியது. 1992-இல் பின்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே முதல் ரோமிங் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல், கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேசியது.

வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளம்புமுன்பே ரோமிங்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்திய சிம்மைக் கழற்றி எறியாதீர்கள். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். எந்த வாசலில் சந்திப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு எந்த சிம்மும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்