காரத்தூண்டல் சிமெண்ட்: தூத்துக்குடிக் கடற்கரை

சிலிக்காவும் அலுமினாவும் செறிந்த சாம்பலைக் காரக் கரைசலில் பிசைந்து, போர்ட்லண்ட் சிமெண்ட் சேர்க்காமலே இறுகவைக்கும் கட்டுமானப் பொருள். ஜியோபாலிமர் என்றும் வழங்கும். இதற்கு இயற்கை தரும் மூலப்பொருள் எரிமலைச் சாம்பல். எரிமலை இல்லாத தூத்துக்குடியில் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலே அதற்கு ஈடு.

இதே கரையிலிருந்த பழைய துறைமுகமான கொற்கையின் முத்துக்கு ரோமானியர் பொன் கொடுத்த காலத்தில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து, கடல்நீருக்குள்ளேயே இறுகும் துறைமுகச் சுவர்களை அவர்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையில் சுண்ணாம்பே கடலிலிருந்துதான் வந்தது. சங்கும் சிப்பியும் போதாமல், 20ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டிக் காளவாய்க்கு அனுப்பினார்கள். பாறை போனபின் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் மூழ்கிவிட்டன. 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2015இல் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் 2001இல்தான் கிடைத்தது. சுண்ணாம்பு வேண்டாத ஒரு காறை இந்தக் கரைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இதிலிருந்தே உணரலாம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. மொத்தம் அமைக்கப்பட்டவை ஐந்து அலகுகள், 1,050 மெகாவாட். ஒடிசா நிலக்கரி பாரதீப்பிலிருந்து கப்பலில் வருகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த உலர் சாம்பல் உருண்டை உருண்டையான கண்ணாடி மணிகள். காரம் அரிப்பது இந்தக் கண்ணாடியைத்தான். எரிமலைச் சாம்பலில் படிகப் பகுதி கூடுதலாக இருப்பதால், பெரும்பாலும் அதை இன்னும் நைசாக அரைக்கவோ இரும்பு உலைக் கசடு சேர்க்கவோ வேண்டியிருக்கும்.

கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி 1957இலும், பிரான்சில் டேவிடோவிட்ஸ் 1970களிலும் இத்துறைக்கு வழி திறந்தனர். நிலக்கரிச் சாம்பல் கான்கிரீட்டாக அதை வளர்த்ததில் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விஜய ரங்கன் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. தமிழ்நாட்டில் சென்னைக் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இதில் ஆய்வு நடத்தியது.

செய்முறையில் கவனம் வேண்டியது காரத்தில்தான். 8 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 320 கிராம் காஸ்டிக் சோடா. நீரில் போட்டதும் பாத்திரம் கொதிக்கச் சுடும். அதனால் முந்தைய நாளே கரைத்து ஆறவைப்பார்கள். பிறகு சோடியம் சிலிக்கேட் சேரும். சுண்ணாம்புச் சத்து குறைந்த இந்திய நிலக்கரிச் சாம்பல் விரைவாக இறுக 60 டிகிரி வரை சூடும் தேவை.

அந்தக் காரமும் இம்மாவட்டத்திலேயே கிடைக்கிறது. உப்பளத்து உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலை சாகுபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி நிறுவனம் 2016 முதல் தன் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் செய்ய முற்பட்டு உலகச் செய்தியானது. ஆனால் சோடா ஆஷை மணலோடு உருக்கி சிலிக்கேட் ஆக்கினால், பிடித்த வாயு மீண்டும் வெளியேறிவிடும். கசடுக் கலவையில் சோடா ஆஷை நேரடியாகச் சேர்க்கும் வழியே நல்லது.

சாம்பலை அதிகம் வாங்குவது இன்னும் சிமெண்ட் ஆலைகளே. காரத்தூண்டல் கான்கிரீட்டுக்கான இந்திய வழிகாட்டி ஐஎஸ் 17452 வெளியானது 2020இல்தான். அதுவும் ஆலையில் வார்த்தெடுக்கும் பொருள்களுக்கு மட்டுமே.