கழற்றாத லென்ஸின் வரலாறு

ஒளிப்படக் கலை தோன்றிய பின் ஏறத்தாழ நூறாண்டுகள் வரை லென்ஸ் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு குவியத்தூரம் கொண்ட கருவியாகவே இருந்தது. குவியத்தூரம் என்பது, எளிய லென்ஸைப் பொறுத்தவரை, மிகத் தொலைவிலுள்ள ஒரு பொருளின் பிம்பம் தெளிவாக விழும் இடத்துக்கும் லென்ஸுக்கும் இடைப்பட்ட தூரமாகும்; அது குறுகினால் காட்சி அகன்று விரியும், நீண்டால் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும். இன்று அன்றாடப் பயன்பாட்டுக்குக் கேமரா வாங்குபவர், அகன்ற தெருக்காட்சி முதல் மரக்கிளையிலுள்ள பறவை வரை அனைத்தையும் ஒரே குழலுக்குள் அடக்கும் சூப்பர் ஜூம் லென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், அதன் பின்னால் எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. குறையே இல்லாத ஒரு லென்ஸை நோக்கி அந்த உழைப்பு நேராக நடந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததோ அதற்கேற்பவே இந்த லென்ஸ் உருப்பெற்றது. ஆகவே அதன் வரலாற்றை அறிவது, கடையில் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

குவியத்தூரத்தை மாற்றும் தேவையை முதலில் நிறைவேற்றியவை பல லென்ஸ்கள் சேர்ந்த தொகுதிகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, பகுதிகளைத் தனித்தனியாகவும் இணைத்தும் பயன்படுத்தக்கூடிய லென்ஸ்கள் விற்கப்பட்டன. 1930இல் லைக்கா நிறுவனம் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதியைத் தன் சிறு கேமராவுக்கு அளித்தது. திரைப்படக் கேமராக்களிலோ மூன்று நான்கு லென்ஸ்களைச் சுழலும் தட்டில் பொருத்தி, வேண்டியதைத் திருப்பி முன்னால் கொண்டுவந்தனர். இவை எல்லாவற்றிலும் ஒரு குவியத்தூரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவத்தான் முடிந்ததே தவிர, இடைப்பட்டவற்றில் தங்க முடியவில்லை.

இடைவிடாமல் குவியத்தூரத்தை மாற்றியும் பிம்பத்தின் தெளிவைக் காக்கும் அமைப்புக்கு கிளைல் ஆலன் என்ற அமெரிக்கர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். ஒரு லென்ஸ் கூட்டம் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்கும்போது பிம்பம் விழும் இடமும் நகர்ந்துவிடும் என்பதால், அதை ஈடுசெய்ய மற்றொரு கூட்டம் வேறொரு கணக்கில் நகர வேண்டும் என்பதே ஜூம் லென்ஸின் அடிப்படைக் கொள்கை. காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இந்தக் கொள்கையைப் பொருளாக்கத் திரைப்படத் துறையின் பணமும் பொறுமையும் தேவைப்பட்டன. 1927இல் வெளிவந்த அமெரிக்க மௌனப் படமான 'இட்'டின் தொடக்கத்திலேயே ஜூம் காட்சி ஒன்று உண்டு. 1932இல், 40 முதல் 120 மி.மீ. வரை மாறும் வாரோ என்ற லென்ஸ், 35 மி.மீ. அகல ஃபிலிமைப் பயன்படுத்தும் திரைப்படக் கேமராவுக்கென அறிமுகமானது.

இந்த முன்னோடிகளைத் தடுத்து நிறுத்தியது கண்ணாடியின் இயல்பே. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு இல்லாவிட்டால், விழும் ஒளியில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு திரும்பிச் சிதறிவிடுகிறது. சாதாரண லென்ஸில் ஆறு அல்லது எட்டுப் பரப்புகள் மட்டும் இருப்பதால் இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஜூம் லென்ஸுக்கோ இருபதுக்கும் மேற்பட்ட பரப்புகள் வேண்டும். 22 பரப்புகளைக் கடந்த பின் உட்புகுந்த ஒளியில் நாற்பது விழுக்காடே எஞ்சும் என்பதோடு, சிதறிய மீதி ஒளியும் உள்ளேயே எதிரொளித்துப் படத்தின் கருமையை வெளுக்கச் செய்துவிடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலமொன்றைப் படியவைத்து இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டறிந்தார். ஜூம் லென்ஸின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் வேறில்லை என்றே கூற வேண்டும். லென்ஸின் புறத்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாததாலோ என்னவோ, பொதுவான வரலாறுகளில் இதற்குரிய இடம் கிடைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொலைக்காட்சி பரவியபோது, விளையாட்டரங்கின் ஒரு மூலையில் நின்றபடியே மைதானம் முழுவதையும் பின்தொடர வேண்டிய நெருக்கடி ஏற்பட, வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் ஃபிராங்க் பேக் உருவாக்கிய ஸூமார் லென்ஸ் அந்த இடத்தை நிரப்பியது. பிரான்சில் பியர் ஆஞ்சனியூ, குறைந்த குவியத்தூரத்தைப்போல் பத்து மடங்கு வரை நீளும் லென்ஸைத் திரைப்படத்துக்காக உருவாக்கி, அதற்காக 1964இல் ஆஸ்கர் கழகத்தின் தொழில்நுட்ப விருதைப் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் திரைப்படங்கள் இந்தக் கருவியில் மயங்கின. அதிர்ச்சியடைந்த முகத்தை நோக்கிக் காட்சி பாய்ந்து செல்லும் உத்தியை 1970களின் தமிழ்ப் படங்களைப் பார்த்தவர்கள் நன்கறிவர்.

ஒளிப்படத்துக்கு ஜூம் லென்ஸ் தாமதமாகவே வந்தது. அசையும் படத்தில் ஒரு சட்டகம் கண்ணுக்குத் தெரிவது நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு நேரமே என்பதால் அதன் மங்கல் மன்னிக்கப்பட்டது. அச்சிட்டுச் சுவரில் மாட்டப்படும் படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும், லென்ஸ் வழியாக வரும் காட்சியையே கண்ணாடி ஒன்றின் மூலம் திருப்பிக் காட்டும் எஸ்எல்ஆர் கேமரா பரவும் வரை, ஜூம் செய்யும்போது சட்டகத்துக்குள் எது அடங்குகிறது என்பதை ஒளிப்படக்காரர் பார்க்கவே வழியில்லாதிருந்தது. இரண்டு தடைகளும் ஒருசேர விலகத் தொடங்கியது 1959இல். நிக்கான் எஃப் என்னும் புகழ்பெற்ற எஸ்எல்ஆர் வெளிவந்த அதே ஆண்டில், ஃபிராங்க் பேக்கின் வடிவமைப்பில் 36 முதல் 82 மி.மீ. வரை மாறும் ஃபாய்க்ட்லண்டர் ஸூமார் வெளிவந்தது. பதினான்கு கண்ணாடிகள் கொண்ட, கனமான, விலைமிக்க அந்த லென்ஸே 35 மி.மீ. ஒளிப்படத்துக்கென வந்த முதல் ஜூம்.

ஆனால் சாதாரண மக்களின் கைக்கு ஜூமைக் கொண்டுவந்தது 1963இல் நிக்கான் வெளியிட்ட 43–86 மி.மீ. லென்ஸ்தான். ஒன்பது கண்ணாடிகளே கொண்ட, ஒற்றை வளையத்தைத் தள்ளியும் இழுத்தும் ஜூம் செய்து, அதையே திருகிக் குவியப்படுத்தும் அந்தச் சிறிய லென்ஸ், கட்டடங்களின் நேர்கோடுகளை வளைத்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொட்டுப் பொட்டாகப் பொய்ப் பிம்பங்களைக் காட்டியது. திறனாய்வாளர்கள் அதை இன்றுவரை குறைகூறி வருகின்றனர், மக்களோ அதை ஆண்டுக்கணக்கில் வாங்கினர். இந்த இரண்டில் மக்களின் தீர்ப்பையே வரலாற்று நோக்கில் சரியானதாகக் கொள்ள வேண்டும். குழந்தையின் முகத்தையும் குடும்பத்தின் குழுவையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டியவருக்கு, சுவரின் ஓரம் சற்று வளைவதைவிடக் கைநழுவிப்போன நொடியே பெரிய இழப்பு.

அகன்ற கோணத்தில் தொடங்கி நீண்ட தொலைவில் முடியும் லென்ஸ் மட்டும் இன்னும் எட்டாமலே இருந்தது. அதற்குக் காரணம், இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று முரணான அமைப்பைக் கேட்பவை என்பதே. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிம் படலத்துக்கும் நடுவே காட்சியைத் திருப்பும் கண்ணாடி ஏறியிறங்க இடம்விட வேண்டியிருப்பதால், அகல்கோண லென்ஸின் முன்பகுதி ஒளியை விரிக்கும் தன்மையதாக இருக்க வேண்டும். நெடுந்தொலைவு லென்ஸின் முன்பகுதியோ ஒளியைக் குவிப்பதாக இருந்தால்தான் குழல் குட்டையாக அமையும். 1973இல் கேனன் வெளியிட்ட 35–70 மி.மீ. லென்ஸ், விரிக்கும் கூட்டத்தை முன்னாலும் குவிக்கும் கூட்டத்தைப் பின்னாலும் வைத்து முதல் முனையின் சிக்கலைத் தீர்த்ததேயன்றி, தொலைவை நோக்கி நீள அதனால் இயலவில்லை. குவிக்கும் கூட்டத்தையே முன்னால் நிறுத்தி, அதன் பின்னே மூன்று நான்கு கூட்டங்களை வெவ்வேறு வேகத்தில் நகரச்செய்வதே இறுதியில் கிடைத்த வழி. ஆயிரக்கணக்கான ஒளிக்கதிர்களின் பாதையைக் கணினி கணக்கிட்டுத் தராமலும், குழலின் உட்புற வளைகாடிகளைக் கணினிவழி இயந்திரங்கள் நுட்பமாகக் கடைந்து தராமலும் அந்த வழியில் ஓரடிகூட வைத்திருக்க முடியாது.

1985இல் கீரான் என்ற வணிகப்பெயரில் வந்த 28–210 மி.மீ. லென்ஸ் இரு முனைகளையும் முதன்முதலாக இணைத்தது. எனினும், அந்த வகையை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 28–200 மி.மீ. லென்ஸே. அதன் மையத்தில் இருந்தது அஸ்பெரிக்கல் கண்ணாடி, அதாவது பந்தின் பரப்பைப்போல் சீராக வளையாமல் ஓரங்களில் வளைவு மாறும் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் மேல் பிசினை வார்த்து இந்த வடிவத்தைப் பெறும் முறையால், பல கண்ணாடிகள் செய்யும் திருத்தத்தை ஒன்றே செய்தது, குழலும் சட்டைப்பையளவு இல்லாவிட்டாலும் தோள்பைக்குள் எளிதில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. அதற்கு விலையாக, 2.1 மீட்டருக்கு உட்பட்ட எதையும் அந்த லென்ஸால் தெளிவாகக் காண முடியவில்லை. மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரைப் படமெடுக்க எழுந்து பின்னால் போக வேண்டியிருந்தபோதும், சுற்றுலாப் பயணிகள் அதை விரும்பியே வாங்கினர்.

மற்றொரு விலை வெளிச்சத்தில் செலுத்தப்பட்டது. லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதை எஃப் எண் குறிக்கிறது. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அது, எண் பெரிதானால் ஒளி குறைவு. சூப்பர் ஜூம்களின் தொலைமுனை எஃப் 5.6 அல்லது 6.3 அளவிலேயே நிற்கிறது. எஃப் 1.8 கொண்ட சாதாரண 50 மி.மீ. லென்ஸோடு ஒப்பிட்டால், எஃப் 6.3இல் உட்புகும் ஒளி பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஐஎஸ்ஓ 50 என்ற குறைந்த ஒளியுணர்திறன் கொண்ட ஸ்லைடு படலத்தில் எஃப் 5.6 வைத்துப் படமெடுத்தவருக்கு, உச்சி வெயிலில் நொடியின் 400இல் ஒரு பங்கு வேகம் கிடைத்திருக்கும். வானம் மூடிக்கொண்டாலோ அது 100இல் ஒரு பங்காகிவிடும், 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து அசையாமல் எடுக்க அது போதாது. படலக் காலத்துத் தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் இந்த லென்ஸை ஒதுக்கியதற்கு வெறும் செருக்கைக் காரணமாகச் சொல்வது அநீதி. அவர்களுடைய வேலை நடந்த வெளிச்சத்தில் அது உண்மையிலேயே தோற்றது.

அந்தத் தோல்வியை வெற்றியாக்கியவை இரு மாற்றங்கள். கழற்றி மாற்றும் எஸ்எல்ஆர் லென்ஸ்களில் முதன்முதலாக, 1995இல் கேனன் தன் 75–300 மி.மீ. லென்ஸில் கொண்டுவந்த அதிர்வுத்தணிப்பு, கையின் நடுக்கத்தைச் சிறு சுழல் உணரிகளால் அறிந்து, உள்ளிருக்கும் கண்ணாடிக் கூட்டமொன்றை எதிர்த்திசையில் நகர்த்தி ஈடுசெய்தது. டிஜிட்டல் உணரியோ, ஒளிக்கான உணர்திறனைப் படத்துக்குப் படம் உயர்த்திக்கொள்ள இடம் தந்தது. அத்துடன், 35 மி.மீ. படலத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரிகள் பரவியதால், 18 மி.மீ. லென்ஸ் பழைய 27 மி.மீ. அளவிலும் 200 மி.மீ. லென்ஸ் பழைய 300 மி.மீ. அளவிலும் காட்சியைத் தந்தது. சிறிய பிம்பவட்டம் போதுமானதால் லென்ஸும் சிறுத்தது. லென்ஸைக் கழற்றும்போதெல்லாம் உணரியில் தூசி படியும் என்ற அச்சம், கழற்றாத லென்ஸுக்கு முன்பில்லாத ஒரு நியாயத்தையும் வழங்கியது. இவை அனைத்தும் ஒன்றுகூடிய இடமே 2005இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட அதிர்வுத்தணிப்புடன் கூடிய நிக்கான் 18–200 மி.மீ. விஆர் லென்ஸ். லென்ஸ் கீழ்நோக்கியிருக்கக் கேமராவைத் தொங்கவிட்டால் அதன் குழல் தானாகவே வழுக்கி நீண்டுவிடும் என்பது பயன்படுத்திய எவரும் அறிந்த குறை. அப்படியிருந்தும் நீண்ட காலம் கடைகளில் கிடைக்காத அளவுக்கு அதற்குத் தேவை இருந்தது.

இதன் பின் மடங்குகளின் போட்டி தொடங்கியது. 2008இல் 18–270, 2014இல் 16–300, 2017இல் 18–400 என டாம்ரான் மட்டுமே மூன்று முறை எல்லையைத் தள்ளிவைத்தது. கடைசி லென்ஸின் விகிதம் 22 மடங்கைக் கடந்தது. இந்த எண்களால் கவரப்படுபவர் கவனிக்க வேண்டியது, சேர்க்கப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரே மதிப்புடையதன்று என்பதே. தொலைமுனையில் 300ஐ 400 ஆக்குவதைவிட, தொடக்கமுனையில் 18ஐ 16 ஆக்குவது, நெருக்கடியான அறைகளில் படமெடுக்கும் குடும்பத்தவருக்குப் பெரும்பாலும் கூடுதலாகப் பயன்படும். அருகிலுள்ள பொருளைக் குவியப்படுத்தும்போது இத்தகைய லென்ஸ்களின் உண்மையான குவியத்தூரம் குறித்ததைவிடக் கணிசமாகக் குறைந்துவிடுவதால், பெட்டியில் அச்சிட்ட தொலைமுனை எண் தொலைவுக் காட்சிகளுக்கே முழுமையாகப் பொருந்தும்.

எஸ்எல்ஆரின் கண்ணாடி நீக்கப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களில், குறையைத் திருத்தும் பொறுப்பில் ஒரு பகுதி லென்ஸிடமிருந்து கேமராவின் கணினிக் கணக்கீட்டுக்கு மாறியது. 2019இல் வந்த கேனன் ஆர்எஃப் 24–240 மி.மீ. லென்ஸின் திருத்தப்படாத கோப்பை 24 மி.மீ. முனையில் பார்த்தால், மூலைகள் இருண்டும் கோடுகள் புடைத்தும் தெரியும். கேமரா அதை இழுத்து நேராக்கிய பின்னரே படம் பார்வைக்கு வருகிறது. 1963இன் லென்ஸை இகழ வைத்த அதே வளைவு இங்கே வடிவமைப்பாளரால் திட்டமிட்டே விட்டுவைக்கப்படுகிறது. இதை ஏமாற்று என்று கருதுவோர் உண்டு. மூலைகளில் நுண்விவரம் ஓரளவு குறைகிறது என்பதும் மெய்யே. ஆயினும் எடையும் விலையும் அதனால் குறைகின்றன என்பதால், பெரிய அளவில் அச்சிடாதவருக்கு இது நியாயமான பேரமே.

2020இல் டாம்ரான், சோனி மிரர்லெஸ் கேமராக்களுக்காக மீண்டும் ஒரு 28–200 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. முந்தைய பதினைந்து ஆண்டுகளாக வளர்ந்த மடங்குகளை விட்டுக்கொடுத்து 1992இன் பழைய அளவுக்கே திரும்பிய அந்த லென்ஸ், அகன்ற முனையில் எஃப் 2.8 வரை திறக்கிறது, 575 கிராம் எடையுள்ளது, அகன்ற முனையில் 19 சென்டிமீட்டர் வரையிலும் தொலைமுனையில் 80 சென்டிமீட்டர் வரையிலும் பொருளை நெருங்கிச் செல்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் ஒளியியல் முன்னேற்றத்தைத் தொலைவில் செலவிடாமல் வெளிச்சத்திலும் நெருக்கத்திலும் செலவிட்ட இந்த முடிவு, மாலை நேரத்து வீட்டுக்குள் படமெடுப்பவரை மனத்தில் கொண்டு எடுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. பறவைகளையும் விளையாட்டுகளையும் நாடுபவருக்கு 18–400 போன்றவையே பொருந்தும்.